நான்கு மைகளில் ஒரு வீர உடை: திருகோணமலைச் சித்திரக்கதைக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு பாடசாலைச் சித்திரக் கழகமோ, நண்பர் குழுவொன்றோ சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோ சித்திரக்கதையை வெளியிட எண்ணினால், வீரனை வரையத் தொடங்குமுன் அச்சகத்துக்குப் போய்வருவது நல்லது. அங்கே எந்தெந்த நிற மை கையிருப்பில் இருக்கிறது, என்ன கடதாசியில் அடிப்பார்கள், கறுப்புக்கு மேலதிகமாக ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு அறவிடுவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் உடையைப் பற்றிப் பேச முடியும். கணினித் திரையில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக விழும் ஊதா நிழல்களும் வெள்ளிப் பளபளப்பும் மலிவான கடதாசியில் சேறாகிப் போவதைப் பார்த்து மனமுடைந்து முதல் இதழோடு கலைந்த குழுக்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அச்சு இயந்திரத்திலிருந்து பின்னோக்கி நடந்து உடைக்கு வருகிற இந்த முறை புதியதன்று. நாம் இன்று சூப்பர் ஹீரோ உடை என்று அடையாளம் காணும் நீலமும் சிவப்பும் மஞ்சளும் கலந்த தோற்றம், 1930களின் இறுதியில் அமெரிக்காவில் செய்தித்தாள் கடதாசியில், வேகமாகச் சுழலும் உருளை அச்சில், பத்து சதத்துக்கு விற்கப்பட்ட இதழ்களின் நெருக்கடிக்குள்தான் உருப்பெற்றது. 1938 ஜூன் இதழில் சுப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றியபோது, அவரைப் படைத்த ஜெரி சீகலுக்கும் ஜோ ஷஸ்டருக்கும் கிடைத்த வர்ண வசதி, இன்று நமது நகரத்தில் ஒரு ஸ்கிறீன் பிறின்ட் (வலைத்துணி வழியே மையை அழுத்தி அடிக்கும் முறை) கடையில் கிடைக்கும் வசதியிலிருந்து அதிக தூரம் விலகியதன்று. ஆகவே அவர்கள் கண்ட தீர்வுகளில் பெரும்பகுதி நமக்கு அப்படியே பயன்படும். பயன்படாத இடங்களும் உண்டு, அவற்றையும் கீழே சொல்கிறேன்.

பழைய முறை எப்படி இயங்கியது

மஞ்சள், மஜென்டா (ரோஸ் கலந்த சிவப்பு), சயன் (வான்நீலம்) என்ற மூன்று மைகளும், கோடுகளுக்கும் எழுத்துக்கும் கறுப்பும், ஆக மைக்கு ஒன்றாக நான்கு அச்சுத் தகடுகள். மூன்று நிற மைகளையும் ஓரிடத்தில் அடிக்காமல் விடலாம், கால் அடர்த்தியில் அடிக்கலாம், அரை அடர்த்தியில் அடிக்கலாம், முழுமையாகவும் அடிக்கலாம். கால், அரை என்பவை மெல்லிய மையல்ல. சிறு புள்ளிகளுக்கிடையே வெள்ளைக் கடதாசி தெரியும்படி அடிப்பதால் தூரத்திலிருந்து வெளிறிய நிறமாகத் தோன்றுபவை. ஒவ்வொரு மைக்கும் நான்கு நிலை என்றால் நான்கை மூன்று முறை பெருக்க 64 சேர்க்கைகள் வரும். அந்த 64 தான் அந்தக் காலத்துச் சித்திரக்கதையின் முழு உலகம். அதிலும் கணிசமான சேர்க்கைகள் மங்கலான பழுப்பாகவும் கறையாகவும் வந்ததால், நடைமுறையில் புழங்கிய நிறங்கள் இன்னும் குறைவு.

வர்ணம் தீட்டுபவர் பக்கத்தின் ஒரு பிரதியில் நீர்ச்சாயத்தால் நிறமிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறியீட்டை எழுதிவிடுவார். மஞ்சளுக்கு ஒரு எழுத்து, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. பக்கத்தில் 2 என்று இருந்தால் கால் அடர்த்தி, 3 என்று இருந்தால் அரை, எண் இல்லாவிட்டால் முழு அடர்த்தி. அந்தத் தாள் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் இருந்த நிறப்பிரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே பெரும்பாலும் பெண்கள், மூன்று மைக்கும் மூன்று அடர்த்திக்குமாக ஒரு பக்கத்துக்கு ஒன்பது ஒளிபுகும் தாள்களில், எந்தெந்த இடத்தில் அந்த அடர்த்தி வரவேண்டுமோ அந்த இடத்தையெல்லாம் தூரிகையால் மறைத்து நிரப்புவார்கள். இந்த வேலையைக் கண்முன் நிறுத்திப் பார்த்தால் உடையின் வடிவம் ஏன் அப்படி அமைந்தது என்பது விளங்கிவிடும். ஒரு வீரன் ஒரு பக்கத்தில் ஆறு கட்டங்களில் வருகிறான் என்றால், அவனது தோள்பட்டையில் உள்ள சின்னஞ்சிறு பட்டியையும் ஆறு தடவை, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட தாள்களில், யாரோ ஒருவர் கையால் நிரப்ப வேண்டும். உடை பெரிய பரப்புகளாக, சில நிறங்களாக இருந்தால் அந்தக் கைக்குப் பிழை வராது; பிழை வராவிட்டால் மாதா மாதம் இதழ் நேரத்துக்கு வரும்.

வீரர்கள் சிவப்பு, நீலம், மஞ்சள் அணிவதற்குக் காரணம் அவை கலப்பில்லாத மைகள் என்பதே என்று ஒரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது பாதிதான் சரி. மஞ்சள் மட்டுமே ஒற்றை மை. சிவப்பு என்பது முழு மஞ்சளின் மேல் முழு மஜென்டா. அந்தக் கருநீலம் முழு சயனின் மேல் கொஞ்சம் மஜென்டா. உண்மையான காரணம், இந்த நிறங்களில் முழு அடர்த்தி மையே மேலோங்கி நின்றதால், சாம்பல் படிந்த, மையை உறிஞ்சும் அந்தக் கடதாசியிலும் அவை துணிச்சலாகத் தெரிந்தன என்பதே. புள்ளிகளால் ஆன நிறங்கள் மூன்று தகடுகளும் ஒன்றோடொன்று பொருந்துவதையும், மை பரவாமல் இருப்பதையும் நம்பி நின்றன. அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீணானது.

உங்கள் நிற அட்டையைச் செய்துகொள்ளுங்கள்

கோடிக்கணக்கான நிறங்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் வேலையை முதலில் கைவிட்டு, உங்களிடம் உள்ள மைகள் தரும் எல்லாச் சேர்க்கைகளையும் ஒரே தாளில் சதுரங்களாக அடித்துக்கொள்ளுங்கள். தமிழில் சிவகாசியிலிருந்து வந்த சித்திரக்கதைகள் பலவற்றிலும் அட்டை வர்ணத்திலும் உட்பக்கங்கள் கறுப்பு வெள்ளையிலும் இருந்தன. செலவைக் கருதினால் அதே ஏற்பாடு நமக்கும் பொருந்தும். அட்டையையும் நடுப்பக்கத்தையும் நான்கு மைகளில் ஸ்கிறீன் பிறின்ட் செய்து, மற்றவற்றைப் பாடசாலையில் பரீட்சைத் தாள் அடிக்கும் ரிசோ இயந்திரத்திலேயே கறுப்பில் எடுத்துவிடலாம். பழைய ரோனியோவின் வாரிசான அந்த இயந்திரத்தில் ஒரு மூலத்தாளை ஒருமுறை பதிவு செய்தபின் பிரதிகள் கூடக்கூடச் செலவு குறையும் என்பதால், ஐம்பது பிரதிக்கு மேல் வேண்டுமானால் போட்டோப் பிரதியைவிட அது மலிவு.

ஸ்கிறீன் பிறின்ட்டில் கால் அடர்த்திப் புள்ளிகள் வலையின் கண்களில் அடைபட்டுப் போகும். எனவே வெறுமை, அரை, முழுமை என்ற மூன்று நிலைகளோடு நின்றுகொள்வது புத்தி. மூன்று நிற மைக்கு மூன்று நிலை என்றால் 27 சதுரங்கள், போதும். புள்ளிகளைக் கணினியில் உருவாக்குவதானால் அங்குலத்துக்கு 40 புள்ளி வரிகளுக்கு மேல் நெருக்க வேண்டாம். கடைக்காரரிடம் மறக்காமல் கேட்கவேண்டிய ஒன்று உண்டு: பனருக்கும் டீ சேர்ட்டுக்கும் அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் மை அடியில் உள்ள நிறத்தை மறைத்துவிடும் தன்மையது. மஞ்சளின் மேல் சிவப்பை அடித்துச் செம்மஞ்சளைப் பெறவேண்டுமானால், மையில் ஒளி ஊடுருவும் கலவையைச் சேர்த்துத் தரும்படி சொல்ல வேண்டும். சாதாரண சிவப்புக்குப் பதிலாக ரோஸ் கலந்த சிவப்பும், கருநீலத்துக்குப் பதிலாக வான்நீலமும் கிடைத்தால் கலப்பு நிறங்கள் தெளிவாக வரும். கிடைக்காவிட்டால் சிவப்பும் நீலமும் சேரும் சதுரம் கத்தரிப்பூ நிறமாக வராமல் கறுத்த பழுப்பாகத்தான் வரும். அதை நிற அட்டையில் பார்த்துவிட்டால் பிறகு ஏமாற்றம் இராது.

அடித்த நிற அட்டையை வெயிலிலும், வகுப்பறை மின்விளக்கிலும் ஒருமுறை பாருங்கள். ஒன்றையொன்று ஒத்துத் தோன்றும் சதுரங்களில் ஒன்றைப் பேனையால் வெட்டிவிடுங்கள். மீதமிருப்பவைதான் உங்கள் வீரனின் அலுமாரி.

பின்னணியிலிருந்து உடைக்கு

இங்கேதான் ஊர் உள்ளே வருகிறது. நியூயோர்க் போன்ற ஒரு நகரத்தின் பழுப்புக் கட்டடங்களுக்கு மேலே பறப்பவனுக்கு நீல உடை பொருந்தியது. நமது வீரன் டச்சுக் குடாவிலும், உட்துறைமுகத்திலும், உப்புவெளிக் கரையிலும், சுவாமி மலையின் விளிம்பிலும் நிற்கப்போகிறான். கட்டங்களில் பாதிக்கு மேல் அவன் முதுகுக்குப் பின்னால் கடலோ வானமோ இருக்கும். நீலத்தை அவனுக்கு உடுத்தினால் கைகால்கள் அலையோடு கரைந்துபோய், தலையும் இடைவாரும் மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும். கடலுக்கு அரை நீலத்தைக் கொடுத்துவிட்டு, உடையின் பெரும்பரப்புக்கு முழுச் சிவப்பையோ முழு மஞ்சளின் மேல் முழுச் சிவப்பையோ கொடுப்பதே எனது தெரிவு. நிலாவெளி மணல் வெள்ளையாக விடப்படும் இடங்களில் அது இன்னும் நன்றாக எழுந்து நிற்கும்.

நீலத்தை விட மனமில்லாதவர்கள் பின்னணியை மாற்றலாம். பழைய இதழ்களில் வானம் மஞ்சளாகவும், சண்டை நடக்கும் சுவர் இளஞ்சிவப்பாகவும், நள்ளிரவுத் தெரு ஊதாவாகவும் இருப்பதை நாம் சிறுவயதில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். வீரனின் உடையைக் காப்பாற்றுவதற்காக உலகத்தையே வேறு நிறத்தில் அடித்தார்கள் என்பது பிறகுதான் புரிகிறது. மாலைக் காட்சி ஒன்றில் உட்துறைமுகத்து நீர் முழுவதையும் மஞ்சளாக்கி, நீல உடையோடு ஒருத்தியை அதன் முன் நிறுத்தினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கோணேசர் கோயிலின் கோபுரத்தை உள்ளபடி வர்ணமிட முயல வேண்டாம். அதன் சிற்பங்களுக்கு 27 சதுரமும் போதாது. போதுமானாலும் வீரன் அதற்கு முன்னால் காணாமற்போவான். கோபுரத்தைக் கறுப்புக் கோட்டில் நிதானமாக வரைந்து, முழுவதற்கும் அரை மஞ்சள் ஒன்றை மட்டும் போட்டுவிடுங்கள்.

உடம்பில் நிறத்தைப் பங்கிடுதல்

உடம்பு முழுவதற்கும் ஒரு தலைமை நிறம். கையுறை, காலணி, இடுப்பு, மார்புச் சின்னம் ஆகிய இடங்களுக்கு இரண்டாவது நிறம். வாருக்கும் சின்னத்தின் விளிம்புக்கும் மூன்றாவது நிறம். சுப்பர்மேன் உடையை இந்தக் கணக்கில் பிரித்துப் பாருங்கள்: நீலம் தலைமை, காலணி, அரைக்காற்சட்டை, மேலங்கி ஆகியவை சிவப்பு, வாரும் மார்புக் கேடயத்தின் உட்பகுதியும் மஞ்சள். உள்ளாடையை வெளியே போட்டுக்கொண்டு திரிகிறான் என்று பிள்ளைகள் கேலி செய்யும் அந்தச் சிவப்பு அரைக்காற்சட்டை, சர்க்கஸ் பலசாலிகள் இறுக்கமான உடைக்கு மேல் அணிந்ததிலிருந்து வந்தது. அச்சில் அதற்கு வேறொரு பயனும் உண்டு: அது இல்லாவிட்டால் கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரே நீலத் திட்டு, சிறு கட்டத்தில் கால் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது.

கையுறைக்கும் காலணிக்கும் வேறு நிறம் கொடுப்பதன் காரணமும் அதுவே. சண்டைக் காட்சியில் வாசகரின் கண் தேடுவது கைமுட்டியையும் பாதத்தையும்தான். மேலங்கி அசைவைக் காட்டுகிறது என்பார்கள். அதைவிட முக்கியமாக, உடம்புக்கும் பின்னணிக்கும் நடுவே ஒரு நிறத் திரையாக நிற்கிறது. கடலுக்கு முன்னால் நீல உடையில்தான் உங்கள் வீரன் நிற்கவேண்டும் என்று குழுவில் யாராவது பிடிவாதம் பிடித்தால், ஒரு சிவப்பு மேலங்கியால் அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம்.

மஞ்சளைப் பற்றி ஒரு குறிப்பு. அது சிறு பகுதிகளுக்கு உகந்தது. தகடு சற்று விலகினாலும் வெளிறிய நிறமாதலால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெள்ளைக் கடதாசியில் தனியாக நின்றால் மறைந்துபோகும். சுற்றிக் கறுப்புக் கோடு இல்லாமல் மஞ்சளை விடாதீர்கள். சிவப்பும் நீலமும் நேரடியாக ஒட்டி நிற்கும் எல்லைதான் மிகவும் ஆபத்தானது: தகடு ஒருபக்கம் விலகினால் வெள்ளைக் கீற்று, மறுபக்கம் விலகினால் கறுத்த பட்டி. அங்கே தடித்த கறுப்புக் கோட்டையோ, இடையில் ஒரு மஞ்சள் பட்டியையோ வைத்துவிடுங்கள்.

நுணுக்கம் முழுவதும் கறுப்புத் தகட்டில்

ஸ்பைடர்மேன் உடையில் இருக்கும் வலை, நிறமன்று, கோடு. 1962இல் ஸ்டீவ் டிட்கோ வரைந்த அந்த உடையின் அத்தனை நுணுக்கமும் கறுப்புத் தகட்டில் இருக்க, அதன் அடியில் சிவப்பு ஒரே பரப்பாக ஓடியது. வரைபவருக்குக் கை வலித்திருக்கும். நிறம் பிரித்தவருக்கு வேலை குறைந்தது. சேலைக் கரையின் மாங்காய் வேலைப்பாட்டையோ மீன்வலையின் கண்ணிகளையோ உங்கள் வீராங்கனையின் உடையில் கொண்டுவர விரும்பினால் இந்த வழியைத்தான் பின்பற்ற வேண்டும்.

இந்த ஊரில் உடை வடிவமைக்கச் சொன்னால் பிள்ளைகளில் ஒருவராவது பிரட்றிக் கோட்டையிலும் அதைச் சுற்றியும் திரியும் புள்ளிமான்களை நினைத்து, புள்ளி போட்ட உடை ஒன்றை வரைந்துகொண்டு வருவார். எண்ணம் அழகானது, அச்சுக்கு ஆகாதது. அரை அடர்த்தி நிறமே புள்ளிகளால் ஆனதாகையால், உடையின் புள்ளிகளும் நிறத்தின் புள்ளிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, அலைபோன்ற ஒரு தேவையற்ற கோலத்தை உண்டாக்கும். சிறு கட்டத்தில் அது அம்மை வார்த்ததுபோல் இருக்கும். மானின் கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளைக் கொம்புகளை முழுக் கறுப்பில், மஞ்சள் வட்டத்துக்குள், மார்பின் நடுவே வையுங்கள். இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு உருவத்தைச் சுருக்கிப் போட்டோப் பிரதி எடுத்தாலும் அது கொம்பாகவே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கிளைகளைக் குறையுங்கள்.

அதே சிறு பிரதியில் நிறமில்லாமல் வீரன் அடையாளம் தெரிகிறானா என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் உட்பக்கங்கள் கறுப்பிலேயே வரப்போகின்றன. தமிழ் வாசகர் மாயாவி என்று அறிந்த முகமூடி வீரன் 1936இல் கறுப்பு வெள்ளைத் தினசரித் தொடரில் பிறந்தவன். அவனைப் படைத்த லீ பால்க் மனத்தில் வைத்திருந்தது சாம்பல் நிற உடை. 1939இல் ஞாயிறு வர்ணப் பக்கம் தொடங்கியபோது அது ஊதாவாக வந்தது. இத்தாலியில் சிவப்பாகவும் சுவீடனில் நீலமாகவும் அச்சிட்டார்கள். எந்த நிறத்திலும் அவனை எவரும் தவறவிடவில்லை. தலைமூடியும், கண்மறைப்பும், கோடிட்ட அரைக்காற்சட்டையும், மண்டையோட்டு வாரும் அடையாளத்தைத் தாங்கி நின்றன.

சாம்பலும் கறுப்பும்

சாம்பல் நிற உடை வேண்டாம். இதை மட்டும் வாதத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் கறுப்புத் தகடு கோட்டுக்கு மட்டும் உரியது. அதில் புள்ளிச்சாயல் வழக்கமில்லை. ஆகவே சாம்பலை மஞ்சள், மஜென்டா, சயன் மூன்றையும் சமனாகக் கலந்துதான் பெறவேண்டும். மூன்றில் ஒன்று ஒரு துளி கூடினாலும் சாம்பல் பச்சையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, பழுப்பாகவோ சாய்ந்துவிடும். 1962 மே மாத இதழில் ஹல்க் சாம்பல் நிற அரக்கனாகத்தான் அறிமுகமானான். அச்சில் அவன் தோல் ஒரு பக்கத்தில் வெளிறியும், இன்னொரு பக்கத்தில் கறுத்தும், சில இடங்களில் பச்சைச் சாயலோடும் வந்ததைக் கண்ட, கதையை எழுதிய ஸ்டான் லீ, இரண்டாம் இதழில் அவனை முழுப் பச்சையாக்கினார். உலகம் முழுதும் அறிந்த அந்தப் பச்சை, மை சமனாக விழாததன் விளைவு. அவனது ஊதாக் காற்சட்டையும் அந்தப் பச்சைக்கு எதிரே தெளிவாகத் தெரிகிற நிறம். கதைக்குள் அதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

நமது ஸ்கிறீன் பிறின்ட்டில் கறுப்பு மையிலேயே அரைப்புள்ளி போட்டுச் சாம்பல் எடுக்கலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம், ஆனால் அது உடையின் மேல் விழுந்த அழுக்கைப்போலத்தான் தோன்றும். சுவாமி மலையின் பாறைக்கு வேண்டுமானால் அதைப் பயன்படுத்துங்கள்.

கறுப்பு உடை முடியும், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. உடம்பு முழுவதையும் கறுப்பால் நிரப்பினால் தசையும் மடிப்பும் இல்லாத நிழலுருவம்தான் கிடைக்கும். 1939இல் தோன்றிய பாட்மேனின் மேலங்கிக் கறுப்பில் ஒளி விழும் இடங்களை வெட்டி, அங்கே நீலத்தைப் போட்டார்கள். காலப்போக்கில் வெட்டிய இடம் பெருகி, கறுப்பு ஒதுங்கி, மேலங்கி நீலமாகவே வாசகர் மனத்தில் பதிந்துவிட்டது. நீங்கள் இதைச் செய்வதானால் நீலம் உடையின் மூன்றிலொரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோலின் நிறம்

பழைய முறை நமக்குக் கைகொடுக்காத இடம் இது. அந்தக் காலத்து வீரர்களின் தோலுக்கு ஒரே குறியீடு: கால் மஞ்சள், கால் மஜென்டா. கடதாசியில் அது இளஞ்சிவப்பு. அதைவிடக் கறுத்த தோலுக்கு மூன்று மைகளின் புள்ளிகளையும் கலக்க நேர்ந்ததால், கறுப்பினப் பாத்திரங்கள் சாம்பல் பூசியவர்களாகவும் சேற்று நிறத்தவர்களாகவும் அச்சாகினர். அச்சின் குறையோடு அக்கறையின்மையும் அதில் சேர்ந்திருந்தது என்பது எனது எண்ணம்.

நமது பாத்திரங்கள் எல்லோரும் மண்ணிறத் தோலினர். முழு மஞ்சளின் மேல் அரைச் சிவப்பைப் போட்டு, நிழல் விழும் கன்னத்திலும் கழுத்திலும் கறுப்புத் தகட்டில் மெல்லிய சாய்கோடுகளை இழுத்தால், நீலத்தைத் தொடாமலே வெயில் பட்ட தோலின் உணர்வு வரும். அந்தச் சதுரத்தை உடைக்குப் பயன்படுத்தாதீர்கள். செம்மஞ்சள் கையுறை போட்ட வீரன் வெறுங்கையோடு நிற்பதாகத் தோன்றும். தோல் சரியாக வராது என்ற சந்தேகம் நீங்காவிட்டால் முழுக்கையும் தலைமூடியும் இருக்கவே இருக்கின்றன.

எதிரிக்கு மிச்சமிருப்பவை

சிவப்பையும் மஞ்சளையும் வீரனுக்குக் கொடுத்துவிட்டால், அதே கட்டத்தில் நிற்கும் எதிரிக்குப் பச்சையும் ஊதாவும்தான் மிஞ்சும். 1940இல் தோன்றிய ஜோக்கரின் பச்சை மயிரும் ஊதா அங்கியும், 1964இல் வந்த கிரீன் கொப்ளினும் இந்தப் பங்கீட்டின் பிள்ளைகள். பச்சைக்குள் தீமை ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. கிரீன் லான்டர்ன் பச்சையணிந்த நல்லவன்தானே. உங்கள் நிற அட்டையில் ஊதா சேறாக வந்திருந்தால் எதிரியைப் பச்சையும் கறுப்புமாக விடுங்கள்.

தகடு பிரித்தல், அடித்தல்

கறுப்புக் கோட்டுச் சித்திரத்தை முடித்த பின், அதன் மேல் ட்ரேசிங் தாளை வைத்து, தாள்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த உதவும் சிலுவைக் குறிகளை நான்கு ஓரங்களிலும் அப்படியே பிரதி செய்யுங்கள். ஒவ்வொரு மைக்கும் ஒரு தாள்; அரை அடர்த்திக்குத் தனியாக ஒரு தாள் வைத்துக் கணினியில் புள்ளியாக்கிச் சேர்த்துக்கொண்டால் குழப்பம் குறையும். எல்லாத் தாளிலும் கறுப்பு மையாலேயே நிரப்ப வேண்டும். மஞ்சளுக்குரிய தாளில் மஞ்சள் பேனையால் தீட்டிக்கொண்டு வந்தால் வலையில் ஒன்றும் பதியாது. நிறப் பகுதி கறுப்புக் கோட்டின் அடியில் ஒரு மில்லிமீற்றர் வரை புகுந்து நிற்கட்டும். அதனால் வெளிக்கோடு இரண்டு மில்லிமீற்றருக்குக் கீழே மெலியக்கூடாது.

மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியாகக் கறுப்பு என்ற வரிசையில் அடியுங்கள். ஒரு நிறம் நன்றாகக் காயாமல் அடுத்ததைத் தொடவேண்டாம். மழைக்காலத்தில், குறிப்பாகக் கார்த்திகை, மார்கழியில், கடற்காற்றின் ஈரத்தைக் கடதாசி உறிஞ்சி விரிந்துவிடும். திங்கட்கிழமை மஞ்சள் அடித்த தாள் வியாழக்கிழமை அதே அளவில் இருக்காது, சிலுவைக் குறிகள் ஒரு மூலையில் பொருந்தி மறுமூலையில் விலகும். இதற்கு இரண்டு வழிகள். கடதாசிக் கட்டைப் பிரித்து அச்சகத்திலேயே ஒரு நாள் காற்றாட வைத்து, அது விரியவேண்டிய அளவுக்கு விரிந்தபின் தொடங்குவது ஒன்று. பங்குனிக்குப் பின் அடிப்பது மற்றது. ரிசோவில் அடிக்கும் உட்பக்கங்களுக்கு மினுமினுப்பான கடதாசியைத் தவிருங்கள். ரிசோ மை கடதாசிக்குள் ஊறியே நிலைபெறும், மினுக்குத் தாளில் விரல் பட்டதும் இழுபடும்.

எண்ணிக்கைக்கு மேல் பத்துத் தாள்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, முதலில் அவற்றில் அடித்துப் பொருத்தத்தைச் சரிபாருங்கள். பார்க்கவேண்டிய இடம் முகமன்று. கையுறை முடிந்து தோல் தொடங்கும் மணிக்கட்டு. அங்கே வெள்ளைக் கீற்றுத் தெரியாவிட்டால் மற்ற இடங்களும் சரியாகவே இருக்கும்.

முதல் இதழ் வந்தபின் உடையின் ஒரு நிறம் எடுபடவில்லை என்று தெரிந்தால், இரண்டாவதில் மாற்றுவதற்குத் தயங்கவேண்டியதில்லை. இதற்கு இரண்டு முன்மாதிரிகள் உள்ளன. ஹல்க்கை ஒரு வார்த்தை விளக்கமுமின்றிப் பச்சையாக்கினார்கள். முதற்கதையை மறுபதிப்புச் செய்தபோதும் அவனைப் பச்சையாகவே அடித்தார்கள். 1963 மார்ச்சில் சாம்பல் கவசத்தோடு வந்த அயன்மேனோ, அடுத்த இதழிலேயே, அந்தக் கவசத்தைக் கண்டு மக்கள் அஞ்சுகிறார்கள் என்று கதைக்குள்ளேயே காரணம் காட்டித் தங்கநிறம் பூசிக்கொண்டான். அதே ஆண்டு டிசம்பரில் சிவப்பும் பொன்னுமான மெலிந்த கவசத்துக்கு மாறினான். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, ஏனெனில் அதற்கு ஒரு நல்ல கட்டம் கிடைக்கிறது. எந்த வழியில் போனாலும் புதிய நிறத்தின் சதுரத்தை நிற அட்டையில் வட்டமிட்டு, குறியீட்டோடு கறுப்புத் தகட்டின் மூலத்தாளிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த ஆண்டு கழகத்தில் வேறு மாணவர்கள் இருப்பார்கள்.